பூட்டினால் நகரும் ரெஸ்ட்: உயரத் திருகைச் சரிசெய்வது எப்படி

கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் ஏர் ரைஃபிள் சுடப் போக ஆரம்பித்ததிலிருந்து, கிளப்பில் எந்த ரெஸ்ட் (மேசையில் வைத்துத் துப்பாக்கியைத் தாங்கும் நிலை) ஆடினாலும் அது என் பட்டறைக்கு வந்துவிடுகிறது. கொண்டு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, மரை ரொம்ப முரடா இருக்குதுங்க. நைஸ் மரை போட்டுக் குடுங்க.”

மரையில் அநேகமாக ஒரு குற்றமும் இருக்காது. உயரத்தைச் சரியாக வைத்த பிறகு, பக்கவாட்டில் இருக்கும் பூட்டு ஸ்க்ரூவை முறுக்கும்போது ரெஸ்ட்டின் தலை நகர்கிறது. கோளாறு அங்கேதான். நைஸ் மரை போட்டால் நகர்வதற்கு முன்னால் இன்னும் நுணுக்கமாக வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் இந்தக் குறிப்பில் பூட்டும் ஆட்டமும் முதலில் வரும். மரை கடைசியில்தான்.

பத்து மீட்டர் போட்டியில் நின்றுகொண்டுதான் சுட வேண்டும், ரெஸ்ட் கிடையாது. அப்புறம் எதற்கு இது? பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) தேர்வு செய்ய. ஒரே கம்பெனியின் பெல்லட் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவு பிரித்து டப்பாவில் வருகிறது. நம் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று தெரிய வேண்டுமானால் மனிதக் கை நடுக்கத்தை ஒதுக்கிவிட்டு, மேசையில் வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். ரெஸ்ட் ஆடினால் குண்டுகள் மேலும் கீழுமாக ஒரு கோடு போல விழும். நாம் பெல்லட்டைக் குறை சொல்லி டப்பாவை மூலையில் போட்டுவிடுவோம்.

எவ்வளவு ஆட்டம் பெரிய ஆட்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் ரெஸ்ட்டுக்கும், துப்பாக்கியின் பின்பக்கத்தைத் தாங்கும் மணல் பைக்கும் நடுவே அரை மீட்டர் இருந்தால், பத்து மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 20 மடங்காகப் பெருகும். ரெஸ்ட்டின் தலை 1 மி.மீ. ஏறினால் இலக்கு அட்டையில் 20 மி.மீ. ஏறும். ஏர் ரைஃபிள் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ. இடைவெளி. நடுவில் உள்ள பத்துப் புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ.தான். பூட்டும்போது தலை 0.1 மி.மீ. நகர்ந்தால் அட்டையில் 2 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு வளையம் போச்சு. 0.1 மி.மீ. என்பது ஒரு தாளின் கனம். கண்ணுக்குத் தெரியாது.

நான் சொல்லும் ரெஸ்ட் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கால் வைத்த வார்ப்பிரும்பு அடி. நடுவில் குழாய் போன்ற கழுத்து. அதற்குள் மேலும் கீழும் போகும் மரை போட்ட தண்டு. தண்டின் உச்சியில் பை வைக்கும் தட்டு. கழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சக்கரம்தான் நட்டு, அதைச் சுற்றினால் தண்டு ஏறும். கழுத்தின் பக்கத்தில் ஒரு பூட்டு ஸ்க்ரூ. உங்களுடையது கொஞ்சம் மாறியிருந்தாலும் வேலை இதேதான்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. ரிப்பேர் நேரத்தில் அது பெட்டியிலேயே இருக்கட்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று எடுங்கள். அதன் மேல் லேசர் பாயிண்டர் ஒன்றைப் பட்டன் அமுங்கிய நிலையில் டேப் சுற்றி ஒட்டுங்கள். குழாயின் முன்பக்கத்தை ரெஸ்ட்டிலும் பின்பக்கத்தை மணல் பையிலும் வையுங்கள். ரெஸ்ட்டுக்கு நேர் மேலே மூன்று கிலோ எடை ஏற்றுங்கள். போட்டி ஏர் ரைஃபிள் அதிகபட்சம் 5.5 கிலோ, அதில் பாதிக்கு மேல் முன்பக்கம் விழும் என்பதால் இந்த எடை. பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் தாள் ஒட்டி, ஒளிப்புள்ளியின் மேல் விளிம்பைப் பென்சிலால் குறியுங்கள். புள்ளி பெரிதாகத்தான் தெரியும். அதனால் எப்போதும் ஒரே விளிம்பையே குறிக்க வேண்டும்.

இப்போது பூட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். புள்ளி எங்கே போகிறது, குறியுங்கள். தளர்த்துங்கள். அடுத்து பை வைக்கும் தட்டை ஒரு விரலால் முன், பின், இடம், வலம் என்று தள்ளி விடுங்கள். புள்ளி பழைய இடத்துக்கே திரும்புகிறதா? கடைசியாக, அப்படியே விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். இறங்கியிருக்கிறதா?

பூட்டும்போது நகர்ந்தால் ஸ்க்ரூவும் கழுத்தும். தள்ளினால் திரும்பாவிட்டால் கழுத்தில் ஆட்டம். சும்மா இருக்கும்போது இறங்கினால் ரெஸ்ட்டை விட்டுவிட்டு மேசையையும் மணல் பையையும் பாருங்கள். பிளைவுட் மேசையில் காலின் கூர்முனை மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் நடுவில் சின்னக் குழி போட்ட இரும்பு வில்லை ஒன்று வைத்தால் போதும். எங்கள் கிளப்பில் மேசை மேல் கடப்பா கல் போட்ட பிறகு பாதிப் புகார் நின்றுவிட்டது. பை தளர்வாக இருந்தால் சலித்த மணலைத் தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்புங்கள்.

பிரித்துக் கழுவுதல்

தண்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரையைத் தேயுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் மரையின் முகடுகள் நசுங்கி, பளபளவென்று வரிசையாகக் குழிகள் தெரியும். பூட்டு ஸ்க்ரூவின் நுனி கடித்த தடம் அது. நட்டு அந்த இடத்தைத் தாண்டும்போதுதான் கையில் ‘கடக்’ என்று தட்டும்.

நசுங்கியதை முக்கோண அரத்தால், ஒவ்வொரு பள்ளமாக, மரையின் சரிவை ஒட்டியே தேயுங்கள். முகட்டில் எழும்பி நிற்கும் பிசிறு போனால் போதும், பள்ளத்தை நிரப்ப முடியாது, நிரப்பவும் வேண்டாம். மரை வெட்டும் டை அதே அளவில் இருந்தால் ஒரு முறை ஓட்டி எடுக்கலாம். வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் (அரைக்கும் தூள் கலந்த பசை) தடவி நட்டை முன்னும் பின்னும் ஓட்டுகிறவர்கள் உண்டு. நட்டு இரும்பாக இருந்தால் சரி, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். பித்தளை நட்டாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தத் தூள் பித்தளையில் பதிந்து தங்கி, காலமெல்லாம் தண்டை அரைத்துக்கொண்டே இருக்கும்.

நட்டை மாற்றுவதாக இருந்தால் மரை எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இங்கே பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. அமெரிக்க ரெஸ்ட்களில் இன்ச் மரை இருக்கும். 5/8 இன்ச் தண்டு 15.88 மி.மீ., பார்வைக்கு எம்16 (16 மி.மீ. மெட்ரிக் மரை) போலவே இருக்கும். ஆனால் அதில் இன்ச்சுக்கு 11 மரை, அதாவது பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) சுமார் 2.3 மி.மீ. எம்16-க்கு 2 மி.மீ. அரை இன்ச்சில் இன்னொரு வம்பு: அமெரிக்க மரையில் இன்ச்சுக்கு 13, நம்மூர் ஹார்டுவேர் கடையில் ‘இன்ச் போல்ட்’ என்று தருகிற பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரையில் 12. இரண்டு சுற்று ஜோராக ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு முறுக்கினால் தண்டும் போச்சு, நட்டும் போச்சு. பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

பூட்டு ஸ்க்ரூவுக்குப் பித்தளைக் கட்டை

மிக எளிய வேலை இதுதான். எம்8 ஸ்க்ரூ என்றால் 6.5 மி.மீ. பித்தளைக் கம்பியில் 6 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கம்பி தடிமனாகத்தான் கிடைத்தது என்றால் கை டிரில்லில் பிடித்து ஓட்டி, அரத்தை வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூ நுனியை மட்டமாகத் தேயுங்கள். துண்டைத் துளைக்குள் போட்டு, பின்னால் ஸ்க்ரூவை விடுங்கள். முதல் தடவை நன்றாக முறுக்கினால் தண்டின் மரை பித்தளையில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு அழுத்தம் ஒரு புள்ளியில் விழாமல் மூன்று மரைக்குப் பரவும். தண்டில் கடி விழாது. தேவைப்படும் முறுக்கும் குறையும். சிலருடைய ரெஸ்ட் இதோடு குணமாகிவிடுகிறது.

ஆனால் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிற வேலையை ஸ்க்ரூ இன்னும் செய்துகொண்டுதான் இருக்கும். கழுத்தின் துளைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிற வரை அது நகரத்தான் செய்யும்.

கழுத்து ஆட்டம்

துளையில் 0.3 மி.மீ. இடைவெளி, கழுத்தின் நீளம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு 100 மி.மீ. உயரத்தில் இருந்தால் அங்கே ஒரு முழு மில்லிமீட்டர் ஆடும். அட்டையில் 20 மி.மீ.! இதைக் குறைக்க இரண்டே வழி. ஒன்று, இடைவெளியைக் குறைப்பது. இன்னொன்று, தண்டைப் பிடிக்கிற நீளத்தைக் கூட்டுவது.

வீட்டிலேயே செய்வதானால் குளிர்பானக் கேனை வெட்டுங்கள். அதன் பக்கச் சுவர் சுமார் 0.1 மி.மீ. கனம். கழுத்தின் உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டி, முனைகளை உப்புத்தாளில் தேய்த்து, தண்டைச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். இரு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. பட்டையின் இடைவெளி பூட்டு ஸ்க்ரூவின் நேரே வரட்டும். இது ஒரு சீசன் தாங்கும். பிறகு மரை அதைத் தின்றுவிடும்.

பட்டறை வேலை என்றால் நான் வேறு மாதிரி செய்கிறேன். அடியின் கீழ்ப்பக்கம், மூன்று கால்களுக்கு நடுவே, காலி இடம் இருக்கும். அங்கே 30 மி.மீ. உயரத்தில் பிளவு போட்ட ஒரு கிளாம்ப் வளையத்தை இரும்பில் கடைந்து, இரண்டு எம்5 போல்ட்டில் பிடிக்கிறேன். உள்ளே மெல்லிய நைலான் புஷ் (உள் குழாய்). பிளவை இழுத்துப் பிடிக்க ஒரு எம்6 ஆலன் போல்ட். இப்போது தண்டுக்குப் பிடி 30-க்குப் பதில் 60 மி.மீ., ஆட்டம் பாதிக்கும் கீழே வந்துவிடும். அதோடு வளையம் தண்டை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அணைக்கும், ஒரு பக்கமாகத் தள்ளாது. சிலர் கழுத்தையே ஹேக்ஸாவால் பிளந்து போல்ட் போடச் சொல்வார்கள். அது வார்ப்பிரும்பு. வளையாது, உடையும். நான் செய்து தருவதில்லை.

இந்த வளையம் வந்த பிறகு பூட்டே தேவையில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எம்16 மரையின் சாய்வு வெறும் இரண்டரை டிகிரி. எடை ஏற்றினால் தானாகச் சுற்றி இறங்காது. நாம் பூட்டுவது ஆட்டத்தை அடக்கத்தான். வளையத்தை எப்போதும் லேசான பிடியில் வைத்துவிட்டால் ஆட்டம் இருக்காது. சக்கரத்தைச் சுற்றினால் தண்டு அந்தப் பிடிக்குள்ளேயே ஏறும். கையை எடுத்தால் அங்கேயே நிற்கும். பிறகு முறுக்க எதுவும் இல்லை, ஆகவே நகரவும் எதுவும் இல்லை.

பிடி எவ்வளவு இருக்க வேண்டும்? மூன்று கிலோ எடையை ஏற்றி, சக்கரத்தை ஒரு சுற்று இறக்குங்கள். சக்கரத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு செய்தித்தாள் துண்டைச் செருகிப் பாருங்கள். தாள் போகிறது என்றால் பிடி அதிகம். தண்டு இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்க, சக்கரம் மட்டும் மேலே கிளம்பியிருக்கிறது. எம்6 போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி மறுபடி பாருங்கள். தாள் போகாமல், தட்டை விரலால் தள்ளினாலும் புள்ளி திரும்பி வந்தால், அதுதான் அளவு. ஆலன் கீயைப் பெட்டியில் போட்டுவிடலாம்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் அரைச் சுற்று இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.

தண்டு கூடவே சுற்றுகிறதா?

சக்கரத்தைச் சுற்றினால் தட்டும் சேர்ந்து சுற்றுகிறது, அதை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், தண்டில் நெடுக ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுக்க வேண்டும். 4 மி.மீ. அகலம், மரையின் அடிக்குக் கீழே 1 மி.மீ. ஆழம் போதும். மில்லிங் மெஷின் இருக்கிற பட்டறையில் சின்ன வேலை. பழைய பூட்டு ஸ்க்ரூவின் துளை இப்போது சும்மாதானே இருக்கிறது? அதில் நுனியை 3.9 மி.மீ.க்குக் கடைந்த ஒரு ஸ்க்ரூவைப் போட்டு, காடிக்குள் நிற்க வையுங்கள். அடியைத் தொடும் வரை முறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, வெளியே ஒரு நட்டால் இறுக்குங்கள். காடி எடுத்ததும் மரையின் இரண்டு ஓரத்திலும் பிசிறு நிற்கும். அதை அரத்தால் எடுக்காமல் நட்டை ஏற்றினால் நட்டுக்கு ஆயுசு குறைவு.

சக்கரமும் நைஸ் மரையும்

சரி, இப்போது மரைக்கு வருவோம். எம்16-இல் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ., அட்டையில் 40 மி.மீ. கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் நம் விரல் சுற்றை அளப்பதில்லை, சக்கரத்தின் விளிம்பைத்தான் நகர்த்துகிறது. 40 மி.மீ. குமிழ் என்றால் விளிம்பில் 1 மி.மீ. நகர்த்தினால் அட்டையில் 0.3 மி.மீ. அதையே 100 மி.மீ. சக்கரமாக்கினால் 0.13 மி.மீ.தான். மரையைத் தொடாமலே இரண்டரை மடங்கு நைஸ். பழைய கேட் வால்வின் இரும்புச் சக்கரம் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். நடுத்துளையைப் பெரிதாக்கி, நட்டின் மேல் ஏற்றி, மூன்று ஸ்க்ரூவில் பிடித்தால் முடிந்தது.

சக்கரத்துக்கு அடியில் பேரிங் போடலாமா என்று கேட்பார்கள். 51104 திரஸ்ட் பேரிங் உள்துளை 20, வெளிவிட்டம் 35, உயரம் 10 மி.மீ., எம்16 தண்டுக்குப் பொருந்தும். சக்கரத்தில் 35 மி.மீ.க்கு ஒரு இருக்கை கடைய வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் ஒதுங்கி ஓடும். போட்டால் வெண்ணெய் மாதிரி சுற்றும். எனக்கு அவ்வளவு பிடிக்காது, முழங்கை பட்டாலே திரும்பிவிடுகிறது. ஒரு டெஃப்லான் வாஷர் போதும். நின்று நின்று குதிப்பது போய்விடும், கொஞ்சம் கனமும் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நுணுக்கம் போதவில்லை என்றால் செலவில்லாத வழி ஒன்று ஏற்கனவே உங்கள் ரெஸ்ட்டிலேயே இருக்கிறது. அதன் மூன்று கால் ஸ்க்ரூக்கள். தண்டு சரியாக நடுவில் இருந்தால், ஒரு காலை மட்டும் 1 மி.மீ. ஏற்றும்போது நடு மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். எம்8 கால் என்றால் ஒரு சுற்று 1.25 மி.மீ., நடுவில் 0.42 மி.மீ. கிட்டத்தட்ட. பெரிய சக்கரத்தால் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, கடைசி நூலளவைக் காலால் வைக்கலாம். துப்பாக்கி நீளவாக்கில் எந்தக் கால் இருக்கிறதோ அதை மட்டுமே திருப்ப வேண்டும். பக்கக் காலைத் தொட்டால் துப்பாக்கி சாயும். அந்தக் காலின் தலையில் ஒரு பெரிய குமிழ் ஏற்றிவிடுங்கள். மற்ற இரண்டு கால்களையும் செக் நட் போட்டு இறுக்கிவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு அதே லேசர் சோதனை, அதே எடை. முன்னால் குறித்த தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுடும்போது அது முன்னும் பின்னும் உதைக்கும். கல் போன்ற ரெஸ்ட்டில் நேரே வைத்தால் குண்டு இடம் மாறி விழும். பையின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்து, அதில் துப்பாக்கியைத் தளர்வாகக் கிடத்திச் சுடுங்கள். ரெஸ்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது மாறாது. காற்றழுத்த சிலிண்டர் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

எண்ணெய் விஷயத்தில் கையை அடக்குங்கள். பையிலிருந்து மணல் தூள் எப்படியும் உதிரும், தண்டில் கிரீஸ் இருந்தால் அது அங்கே ஒட்டி உப்புத்தாளாகிவிடும். கிரீஸ் சக்கரத்து வாஷருக்கு அடியில் மட்டும், அதுவும் ஒரு பட்டாணி அளவு. தண்டுக்கு மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.